கனடா ஜீப்பின் பித்தளைத் தகடு

செம்பூரில் நேற்று மணமகனை ஏற்றிவந்த பழைய ஜீப்பின் பெட்ரோல் மணம், என்னைத் தாராவியில் அப்பா நடத்திய பட்டறைக்கு இட்டுச்சென்றது.

இரண்டாம் உலகப் போரில், இத்தாலியப் போர்முனையில் கனடியரோடு வண்டி ஓட்டிய ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர், கனடா ஜீப்தான் வேண்டும் என்றிருந்தார். படை கழித்த வண்டிகளில் கனடாவின் சின்னமான மேப்பிள் இலை வரைந்த ஒன்றை, அப்பாவும் கூட்டாளி காதர் மாமாவும் தேடி வாங்கினர். சுபேதார் வரவிருந்த காலையில் பச்சை வண்ணத்தைச் சுரண்டியபோது, அமெரிக்கத் தொழிற்சாலையின் பித்தளைத் தகடு வெளிப்பட்டது.

“ஏமாந்துட்டோம்வே! தகட்டக் கழத்திருவோம்” என்றார் காதர் மாமா.

“அப்புறம் நம்ம பேச்ச எவன்வே நம்புவான்? அவரே பாக்கட்டும்” என்று தடுத்தார் அப்பா.

சுபேதார் தகட்டைத் தடவிப் பார்த்துச் சிரித்தார். “கனடாக்காரன் லாரியத்தான் சொந்தமா செஞ்சான். ஜீப்ப அமெரிக்காகிட்ட வாங்கினான். இந்தத் தகடு இல்லேன்னாதான் சந்தேகப்பட்டிருப்பேன்.”

அப்பா பெருமிதத்தோடு திரும்பினார். காதர் மாமா சாயா வாங்கிவரப் போய்விட்டிருந்தார்.

நேற்று ஊர்வலம் நின்றபோது, நானும் குனிந்து தகட்டைத் தேடினேன். திருகாணித் துளைகள் மட்டுமே இருந்தன. அங்கே யாரோ ஒரு காதர் மாமா முந்திக்கொண்டிருக்கிறார்.