மாற்றாமல் விட்ட படம்

அந்தப் படத்தை நான் எடுத்த அன்று என் தோழியின் அம்மாவுக்குப் பல்வலி. இதை முதலில் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்ல வேண்டும்.

நானும் அவளும் பல்கலைக்கழகத்தில் டிசைன் படித்துக்கொண்டிருந்தோம். என் வீடு உழவர்கரையில், அவள் வீடு தவளக்குப்பத்தில். வகுப்பில் இருவருக்கும் ஒரே மேசை. லேப்டாப் சார்ஜர்கூட ஒன்றையே மாற்றி மாற்றிச் செருகிக்கொள்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைச் சாப்பிட வரச் சொல்லியிருந்தாள். அவளுடைய அம்மா மீன்குழம்பு வைத்துவிட்டு, ஒரு வாய்கூடத் தன்னால் சாப்பிட முடியாமல், சமையலறை ஜன்னலோரம் ஸ்டூலில் உட்கார்ந்து கன்னத்தைத் தாங்கிப் பிடித்திருந்தார். பக்கவாட்டில் வெயில் விழுந்தது. என் கையில் கேமரா இருந்தது.

"அம்மா, அப்படியே இருங்க."

"பல்லு வலிக்கிறவள என்னத்தப் படம் புடிக்கிற" என்றார். ஆனால் அசையவில்லை. நாலைந்து எடுத்தேன்.

கடைசி செமஸ்டரில் ஒவ்வொருவரும் உண்மையான ஓர் அமைப்புக்கு இணையதளமும் போஸ்டர்களும் செய்துதர வேண்டும். எனக்குக் கிடைத்தது உப்பளத்தில் இயங்கிய ஒரு சிறு குழு. வீட்டில் குடிப்பவர்கள் இருக்கும் பெண்களுக்கு ஆலோசனை சொல்பவர்கள். குடிப்பதற்கென்றே வெளியூரிலிருந்து பஸ் ஏறி வருகிற ஊர் இது. உள்ளூர் வீடுகளுக்குள் என்ன நடக்கிறது என்பதை அங்கேதான் முதன்முதலாகக் கேட்டேன். ஒரு பெண் சொன்னார்: "சாயந்தரம் ஆறு மணியானா எனக்கு வயித்தக் கலக்கும். அவரு வர்ற நேரம்." அந்த வரியைப் போஸ்டரில் போடலாம் என்று சம்மதித்தார். முகத்தைப் போடச் சம்மதிக்கவில்லை. வேறு யாரும் சம்மதிக்கவில்லை.

லேஅவுட்டில் முகம் வர வேண்டிய இடம் காலியாக இருந்தது. தற்காலிகமாக இருக்கட்டும் என்று தோழியின் அம்மா படத்தை வைத்தேன். எழுத்தும் முகமும் ஒட்டிக்கொண்டன. அந்தக் கண்ணில் இருந்த வலி அந்த வரிக்காகவே வந்தது போல இருந்தது.

தோழி பார்த்தாள். "ஏய், எங்கம்மாவப் போட்டிருக்க?"

"சும்மா அளவு பாக்கத்தான். அப்புறம் மாத்திடுவேன்."

"மாத்திடு" என்றாள். அவ்வளவுதான். நான் மாற்றுவேன் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

நான் மாற்றிப் பார்த்தேன் என்பதும் உண்மை. வரைந்த முகம் ஒன்று, முதுகு காட்டி நிற்கும் பெண் ஒன்று, வெறும் கதவு ஒன்று. எதிலும் உயிர் இல்லை. ஆசிரியர் பழைய படத்தைப் பார்த்துவிட்டு, "இதுதான், இதைத் தொடாதே" என்றார். எல்லாப் படங்களுக்கும் அனுமதி வாங்கியாயிற்றா என்று ஒரு படிவம் உண்டு. 'ஆம்' என்ற கட்டத்தில் டிக் போட்டேன். அடுத்த முறை வீட்டுக்குப் போகும்போது கேட்டுக்கொள்ளலாம், அம்மா மாட்டேன் என்று சொல்லமாட்டார் என்று நினைத்தேன். அடுத்த முறை போகவே இல்லை. எல்லோருடைய வேலைகளையும் வைத்த கண்காட்சி அன்று தோழி தன் புராஜெக்ட் வேலையாக வேறு கட்டடத்தில் இருந்தாள். அவள் வரவில்லை என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதல் எதனால் என்று அப்போது யோசிக்கவில்லை.

இரண்டு நாளில் அந்தக் குழு போஸ்டரைத் தன் பக்கத்தில் போட்டது. யாரோ பகிர்ந்தார்கள், வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. அம்மாவுக்கே அனுப்பினேன், என் அம்மாவுக்கு.

குழு அதைப் போட்ட மூன்றாம் நாள் காலையில் தோழி போன் செய்தாள். அழவில்லை, கத்தவில்லை.

"எங்கப்பா என்ன வேலை செய்யறாருன்னு உனக்குத் தெரியுமில்ல?"

தெரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறார். கடலூர் சாலையை ஒட்டிய தெருக்களில் பதினோரு பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். அவர் குடிப்பதில்லை. கல்யாண வீட்டில்கூடக் கோலி சோடாதான் என்று அவளே சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து வைத்திருக்கும் குரூப்பில் முந்தின நாள் அந்தப் போஸ்டர் வந்திருக்கிறது. கீழே ஒருவர் கேட்டிருக்கிறார்: 'இது நம்ம வேன்காரர் வீட்டம்மாதானே?' அன்று மாலைக்குள் நான்கு வீட்டில் நாளையிலிருந்து வேன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

ஆசிரியரிடம் ஓடினேன். அவர் முதலில் படிவத்தைத்தான் எடுத்தார். "டிக் போட்டிருக்கியே" என்றார். கேட்காமலே போட்டேன் என்றேன். அவரே போன் செய்து, குழுவின் பக்கத்திலிருந்தும் இணையதளத்திலிருந்தும் எடுக்கச் சொன்னார். அரை மணி நேரத்தில் எடுத்துவிட்டார்கள். ஆனால் மதியம் என் சித்தப்பா, தன் ஆபீஸ் குரூப்பில் வந்ததென்று அதே போஸ்டரை எனக்கே அனுப்பினார், 'கண்ணீர் வரவழைக்கும் படம்' என்ற குறிப்போடு.

சாயந்தரம் தவளக்குப்பம் போனேன். தோழி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவளுடைய அம்மா தண்ணீர் கொடுத்தார். அவர் தண்ணீர் கொடுத்ததுதான் எனக்குத் தாங்கவில்லை. அப்பா வாசலில் வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்.

"என்னை மன்னிச்சிடுங்கப்பா" என்றேன்.

"எங்கிட்ட சொல்லி என்னம்மா ஆகப்போவுது? நான் குடிக்கிறதில்லன்னு எனக்குத் தெரியும். அவங்ககிட்ட வந்து சொல்றியா?"

மறுநாள் நான்கு வீட்டுக்கும் அவரோடு வேனில் போனேன். முதல் வீட்டில் ஒரு அம்மா நான் சொன்னதை முழுசாகக் கேட்டுவிட்டு, "படிக்கிற பொண்ணு, இப்படிச் செய்யலாமா?" என்றார். பிள்ளையைத் திங்கட்கிழமையிலிருந்து அனுப்புவதாகச் சொன்னார். இரண்டாவது வீட்டில், "ஒண்ணுமில்லாமலா போட்டிருப்பீங்க?" என்று கேட்டார்கள். "அந்தம்மா ஏன் அப்படிச் சொன்னாங்க?"

"அவங்க சொல்லவே இல்லைங்க. அது வேற ஒருத்தர் சொன்னது. படம் மட்டும்தான் இவங்களோடது. அன்னிக்கு அவங்களுக்குப் பல்வலி."

எனக்கே அது பொய் போலக் கேட்டது.

மூன்றாவது வீட்டில் கிரில் கதவைத் திறக்காமலே, "நீ அவருக்குச் சொந்தமா?" என்று கேட்டார்கள். நான்காவது வீட்டில் ஓர் ஆள் இறங்கிவந்து, டிரைவர் பக்க ஜன்னலில் கையை ஊன்றி, சிரித்த முகத்தோடு என்னவோ விசாரித்தபடி உள்ளே குனிந்தார். தேவைக்கு மேல் குனிந்தார். ஏன் என்று எனக்குப் புரியச் சற்று நேரமானது. தோழியின் அப்பாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அவர் முகத்தைத் திருப்பவில்லை. வாயைத் திறந்து மூச்சை நன்றாக வெளியே விட்டார், டாக்டரிடம் காட்டுவது போல. அந்த ஆள் தலையை ஆட்டிவிட்டு, "அனுப்பறேன்" என்றார்.

திரும்பும்போது ஜங்ஷனில் என்னை இறக்கிவிட்டு, "பஸ் வருது பாரு" என்று மட்டும் சொன்னார்.

இரண்டு பிள்ளைகள் திரும்பி வந்தார்கள், இரண்டு பேர் வரவில்லை. அந்த வருஷத்தோடு அவர் பள்ளிக்கூட ஓட்டத்தை விட்டுவிட்டு ஒரு கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் வண்டியில் சேர்ந்தார். அதற்குக் காரணம் நான்தானா என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. நான் கதவு போட்ட போஸ்டரை வைத்து மறுபடி சமர்ப்பித்துச் சுமாரான மதிப்பெண்ணில் தேறினேன். தோழி வேறு மேசைக்குப் போய்விட்டாள். கடைசி நாள் படிக்கட்டில் எதிரே வந்தவள் நின்று, "படம் நல்லாதான் இருந்துது. அதுதான் எனக்கு ஆத்திரம்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

இப்போது நான் நகரத்தில் ஒரு சிறிய நிறுவனத்தில் டிசைனராக இருக்கிறேன். சில மாதங்களுக்கு முன், மாதிரிக்காகப் படங்கள் தேடிக்கொண்டிருந்த சக ஊழியர் ஒருவர், "இதப் பாருங்க, எவ்வளவு பவர்ஃபுல்" என்று திரையைத் திருப்பிக் காட்டினார். அதே முகம். யாரோ எங்கிருந்தோ எடுத்து, எழுத்தை அழித்து, அடி வாங்கும் மனைவிகளைப் பற்றிய ஒரு விளம்பரத்தில் போட்டிருந்தார்கள். வேறு மாநிலத்தில், வேறு மொழியில். எடுக்கச் சொல்லி எழுதினேன். பதில் வரவில்லை. இரண்டாவது முறை எழுதியபோது எடுத்தார்கள். அதற்குள் இன்னோரிடத்திலும் இருந்தது.

சொல்லாமல் விட்டிருக்கலாம். தோழி வீட்டில் யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆனால் ஒருமுறை சொல்லாமல் விட்டவள் நான். பழைய எண்ணுக்கு அழைத்தேன். தோழி எடுத்தாள், கேட்டாள், நீளமாக மூச்சு விட்டாள்.

"அம்மாகிட்ட நான் சொல்லமாட்டேன். நீ வந்து சொல்லு."

அந்த ஞாயிற்றுக்கிழமை போனேன். அம்மா கண்ணாடி போட்டுக்கொண்டு என் போனைக் கிட்டத்தில் பிடித்துப் பார்த்தார்.

"என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன்.

"இதுல அவரு என்னைய அடிக்கிறாரா?" என்று கேட்டார். உள்ளே திரும்பிக் கணவரைக் கூப்பிட்டார். அவர் வந்து, போனை வாங்கி, வெகுநேரம் பார்த்தார். பிறகு என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். தெருமுனை திரும்பும்வரை அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உட்கார்ந்தே இருந்தேன். எழுந்து போ என்று யாரும் சொல்லவில்லை.