எல்லை தாண்டிப் போன எல்லப்பன்

ஷரீஃபுன்னிசாவுக்கு எதையும் துருவித் துருவிக் கேட்காவிட்டால் சோறு இறங்காது. கிருஷ்ணகிரியில் துணிக்கடை வைத்திருந்த அவளுடைய அத்தா, "நீ போலீஸ் வேலைக்குத்தான் லாயக்கு" என்பார். அவளோ நன்னடத்தை அலுவலரானாள். சிறைக்கு அனுப்பாமல் நீதிமன்றம் நிபந்தனையோடு விட்டவர்களை வீடு தேடிப் போய்ப் பார்த்து, அவர்கள் மறுபடி தடம் மாறாமல் கவனிப்பது அவள் வேலை.

அப்படி அவளிடம் வந்தவன் எல்லப்பன். சாமல்பட்டிக்காரன், ஓசூரில் ஒப்பந்தத் தொழிலாளி. ஷிப்ட் மாறும் நேரத்தில் வந்த வாய்ச்சண்டையில், கூட வேலை செய்த நாராயணப்பனைப் பிடித்துத் தள்ளிவிட்டான். அவன் மெஷின் மேல் விழுந்து கை முறிந்தது. எல்லப்பனுக்கு அது முதல் குற்றம் என்பதால் ஓராண்டு கண்காணிப்பு. அனுமதியின்றி மாவட்டத்தைத் தாண்டக் கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஓசூரில் அவன் தங்கியிருந்த அறைக்கு அவள் போனபோது அவன் இல்லை.

"ஞாயித்துக்கிழமைன்னா அத்திப்பள்ளிக்குப் போயிடுவான் மேடம்" என்றான் அறைத் தோழன்.

அத்திப்பள்ளி கர்நாடகம். நிபந்தனையை மீறிவிட்டான் என்று உடனே எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் வாராவாரம் அங்கே என்ன வேலை? குடியா, சீட்டாட்டமா? அவளும் பஸ் ஏறினாள்.

நெடுஞ்சாலை ஓரத்து டீக்கடையில் எல்லப்பன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தான். அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவனைப் பார்த்ததும் அவள் திகைத்தாள். வழக்கு விசாரணையில் பார்த்த நாராயணப்பன்! கம்பெனி வேலையை விட்டு இங்கே கடை போட்டிருந்தான். இடது கை இன்னும் நேராகவில்லை.

எல்லப்பன் காதில் விழாதபடி, கன்னடக்காரனான அவனிடம் கன்னடத்திலேயே விசாரித்தாள்.

"மாசக்கணக்கா வர்றான் மேடம். டீ குடிக்கிறான், போறான். ஒரு வார்த்தை பேசறதில்ல. மறுபடி அடிக்க நோட்டம் பாக்கறான்னு என் பொண்டாட்டி நடுங்கறா."

ஷரீஃபுன்னிசா எல்லப்பனிடம் வந்தாள். "உன்னப் பாத்து அவங்க பயப்படறாங்க, தெரியுமா?"

அவன் முகம் வெளிறியது. "சாமி சத்தியமா அதுக்கு இல்லீங்க மேடம். மன்னிப்புக் கேக்கத்தான் வரேன். எதிர்ல நின்னா வார்த்தையே வரமாட்டேங்குது. டீன்னுதான் வருது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இப்பக் கேளு" என்றாள்.

அவன் எழுந்து போனான். "அண்ணா... தப்புப் பண்ணிட்டேன்."

நாராயணப்பன் பொங்கிய பாலை இறக்கிவைத்தான். பிறகு தமிழில் சொன்னான்: "மன்னிக்கறதெல்லாம் எனக்குத் தெரியாது. இனி வராத. என் பொண்டாட்டி பயமில்லாம தூங்கணும்."

நடந்ததை ஒளிக்காமல் நீதிமன்றத்துக்கு எழுதினாள். மாஜிஸ்திரேட் எல்லப்பனைக் கூப்பிட்டுக் கண்டித்து, கண்காணிப்பைத் தொடரச் சொன்னார். அதன்பின் அவன் எல்லை தாண்டவில்லை. ஆண்டும் ஒழுங்காக முடிந்தது.

சில வாரம் கழித்து நாராயணப்பன் போன் செய்தான்.

"அந்தப் பையன் எப்படி இருக்கான் மேடம்?"

"நல்லா இருக்கான். ஏன் கேக்கறீங்க?"

"நான் கேக்கல. பொண்டாட்டிதான் கேக்கச் சொன்னா."