மச்சான் கட்டிய பூட்ஸ்

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் எனக்குக் கொடுத்த பூட்ஸ் காலுக்குப் பெரிது. எப்படிக் கட்டினாலும் லேஸ் அவிழ்ந்துவிடும். ஒருநாள் அதை மிதித்துக் கப்பல் ஏணியில் தடுமாறினேன். பின்னாலிருந்து ஒரு கை என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. திரும்பினால் அந்தோணி, என் தங்கச்சி புருஷன். வீட்டை எதிர்த்து அவளைக் கட்டியவன் என்பதால் அவனோடு நான் பேசுவதில்லை.

மேலே போனதும் அவன் என் முன்னால் குத்தவைத்தான். பூட்ஸைக் கழற்றி, கை துடைக்க வைத்திருந்த பஞ்சை அதன் முனையில் திணித்து, திரும்பக் காலில் மாட்டி, லேஸை இறுக்கி இரட்டை முடிச்சுப் போட்டான்.

"வலிக்கா மச்சான்?" என்று கேட்டான். அப்போது காலைவிட நெஞ்சுதான் வலித்தது.

"இல்ல. தங்கச்சி எப்படியிருக்கா?"

"ஒங்களத்தான் தேடுதா."

அன்று சாயங்காலமே அவனோடு போனேன். கதவைத் திறந்த தங்கச்சி எதுவும் கேட்காமல் இன்னொரு தட்டு எடுத்து வைத்தாள். அதற்குப்பின் எத்தனையோ நல்ல நாட்கள் வந்துவிட்டன. மனசு அடிக்கடி திரும்பிப் போவது அந்தச் சாயங்காலத்துக்குத்தான்.