டீக்கடை தெரிந்த தொலைநோக்கி

வல்லம் வடகாலில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மொட்டை மாடியில்தான் அந்த மாலை வகுப்பு நடந்தது. பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்குப் பாடமும் விளையாட்டுமாகச் சொல்லித்தரும் அரசாங்கத் திட்டம். நான் அதற்குத் தன்னார்வலர். தென்காசிப் பக்கமிருந்து கல்யாணமாகி வந்தவள், படிப்பு பி.காம். கணவர் கார் பாகங்கள் செய்யும் கம்பெனிக்குப் போய்விட்டால், அந்த ஒற்றை அறையில் நானும் மின்விசிறியும்தான். வகுப்பெடுக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமை ஆசிரியை என் சான்றிதழைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. "குரல் நல்லா சத்தமா இருக்கு. அது போதும்," என்றார்.

மாடியைக் கொடுத்தது வீட்டுக்கார அக்கா. நிலம் தொழிற்பேட்டைக்குப் போனதும், வந்த பணத்தில் வரிசையாக அறைகள் கட்டி எங்களைப் போன்ற தெற்கத்திக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டிருந்த குடும்பம். பிள்ளைகளின் படிப்புக்காக மாடியையே தந்துவிட்டார் என்று நான் வெகுநாள் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அப்புறம்தான் விஷயம் தெரிந்தது. மாடியில் அக்கா வடகமும் மிளகாயும் காயப்போடுவார், குரங்குத் தொல்லை தாங்கவில்லை. "பசங்க கூச்சல் போட்டுகினு இருந்தா கொரங்கு வராதும்மா," என்றார். குரங்கு வரவில்லைதான். வடகம் மட்டும் ஏனோ முன்னைவிட வேகமாகக் குறைந்தது.

ஒருநாள் ஒருங்கிணைப்பாளர் மேடம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். சுற்றுவட்டாரத்து மாலை வகுப்புகளெல்லாம் அவர் பொறுப்பு. எந்த மையத்துக்கு வந்தாலும் அடுத்த மையத்துக்கு நேரமாகிவிட்டிருக்கும். அதனால் ஹெல்மெட்டைக் கழற்றாமலேதான் பேசுவார்.

"அரசு சிறப்பு நிதி ஒதுக்கியிருக்கு. பின்தங்கிய மாணவர்களுக்கான கற்றல் செறிவூட்டல். பாடத்தத் தவிர வேற எது வேணும்னாலும் கேக்கலாம். என்ன வேணும் உங்களுக்கு?"

மிளகாயைப் புரட்டிக்கொண்டிருந்த அக்கா நிமிர்ந்தார். "செறிவூட்டலா? ரேஷன் அரிசில கலந்து குடுக்கறாங்களே, அதுவா மேடம்?"

"இது படிப்புலம்மா."

"அப்ப சரி. அரிசில போட்டத பசங்க பொறுக்கித் தூரப் போட்டுச்சுங்க."

நான் கதைப் புத்தகங்களும் கேரம் பலகையும் கேட்டேன். மேடம் குறித்துக்கொண்டு போனார். சில மாதம் கழித்து ஆளுயர அட்டைப்பெட்டி ஒன்று வந்தது. உள்ளே ஒரு தொலைநோக்கி, அதை நிறுத்த மூன்று கால் தாங்கி, ஒரு கோணலான தமிழ் விளக்கத்தாள். பதறிப்போய் மேடத்துக்குப் போன் செய்தேன். வேறு ஏதோ ஒரு மையம் தொலைநோக்கி கேட்டிருந்ததாம், அவர்களுக்குக் கேரம் பலகை போய்விட்டதாம்.

"மாத்திக்கலாமா மேடம்?"

"சேங்ஷன் ஆனது ஆனதுதான். நீங்க டிகிரி படிச்சவங்கதானே, பாத்துக்குங்க," என்றார். கணக்குப் பதிவியலுக்கும் சந்திரனுக்கும் என்ன சம்பந்தம் என்று அவரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அது ஐப்பசி மாதம். வானத்தைப் பார்க்கும் கருவி வந்தது, வானம்தான் வரவில்லை. தினமும் சாம்பல் நிறத்தில் மேகம் கவிழ்ந்து கிடக்கும், மழை இல்லாத நாளில் கம்பெனிகளின் விளக்கு வெளிச்சம் அதன்மேல் பட்டு மஞ்சளாய்க் கலங்கியிருக்கும். வகுப்பு முடிவதற்குள் ஒரு நட்சத்திரத்தைப் பிடித்துவிட வேண்டும் என்று நானும் குழாயை அண்ணாந்து அண்ணாந்து பார்த்துக் கழுத்தைச் சுளுக்கிக்கொண்டேன். பிள்ளைகளுக்கு அவ்வளவு பொறுமை இல்லை. ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கம்பெனியில் பாரம் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டுகிறவரின் மகள், குழாயைத் தாழ்த்திக் கண்ணை வைத்தாள்.

எங்கள் மாடிக்கு எதிரே சமன் செய்து கம்பிவேலி போட்ட காலி மனைகள்தான். மரம் மட்டை எதுவும் இல்லை. அதற்கு அப்பால் ஒரகடம் ரோடு. ரோட்டோரத்தில் ஒரு டீக்கடை.

"மிஸ், டீக்கடை தெரியுது! எல்லாரும் தலைகீழா கீறாங்க மிஸ்!"

எல்லோரும் முட்டிமோதிப் பார்த்தார்கள். டீ மாஸ்டர் தலைகீழாக நின்று டீயை ஆற்றினார். டீ கீழேயிருந்து மேலே ஊற்றியது. சிரிப்பு அடங்கவே இல்லை. இதுவும் செறிவூட்டல்தான் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அந்தப் பெண் திரும்பக் கண்ணை வைத்துக் குழாயைக் கொஞ்சம் நகர்த்தினாள். பிறகு குழாயை விட்டு விலகாமலே, "எங்க அப்பா இன்னிக்கு ஓவர்டைம், ஓ.டி.ன்னு சொல்லிட்டுப் போனாரு. பஜ்ஜி துன்னுகினு கீறாரு," என்றாள்.

அன்று இரவே ஃபோர்க்லிஃப்ட்காரர் வீட்டில் விசாரணை நடந்தது. அவர் மனைவி ஒரு கம்பெனியில் காலை ஷிப்டில் துப்புரவு வேலை பார்ப்பவர். மறுநாள் மகளை அழைத்துப்போக அவரே மாடிக்கு வந்தார், வகுப்பு முடிய வெகுநேரம் முன்னதாகவே. அதற்கு மறுநாள் இன்னும் இரண்டு அம்மாக்கள் வந்தார்கள். அந்த வாரக் கடைசியில் பிள்ளைகளைவிட அம்மாக்கள் அதிகமாயிருந்தார்கள். பெற்றோரின் ஈடுபாடு குறைவு என்று மேடம் கூட்டத்துக்குக் கூட்டம் வருத்தப்படுவார். இப்போது வந்து பார்த்திருக்க வேண்டும்.

"இன்னிக்கு கம்பெனில மிஷின் லைன் நின்னுபோச்சு, வர லேட்டாவும்னு போன்ல சொன்னாரு. லைன்ல இல்ல, பெஞ்சுல குந்திகினு கீறாரு," என்பார் ஒருவர். "அந்த நீலச் சட்டை யாரு வூட்டு ஆளு?" என்பார் அக்கா. அவர் கணவருக்குக் கம்பெனியும் கிடையாது, ஓ.டி.யும் கிடையாது. ஆனாலும் முதல் வரிசை அவருக்குத்தான், மாடி அவருடையதாயிற்றே.

நான் ஆசிரியை என்ற கெத்தில், "இதெல்லாம் தப்பு. இது அறிவியல் கருவி," என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். உள்ளூர ஒரு திருப்தியும் இருந்தது. என் கணவர் அப்படிப்பட்டவர் இல்லை. மாதக் கடைசி, உற்பத்தி நெருக்கடி, பாவம், நிமிரக்கூட நேரமில்லாமல் உழைத்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்," என்றாள் அந்தப் பெண், மிகவும் மரியாதையாக. "சாரும் கீறாரு மிஸ்."

பார்த்தேன். தலைகீழாக இருந்தாலும் தாலி கட்டிய மனிதரை அடையாளம் தெரியாதா? பெஞ்சின் ஓரத்தில் காலை நீட்டிக்கொண்டு, வெறும் பஜ்ஜியை விழுங்கிவிட்டு, இரண்டு கையாலும் டீ கிளாசைப் பிடித்தபடி எதிரே எதையோ வெறித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்தவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அத்தனை அம்மாக்களும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்.

வீட்டுக்கு வந்தவருக்குச் சோறு வைத்தேன்.

"லைன் எப்படிங்க போச்சு?"

"சரியான ஓட்டம். நிமிர முடியல."

"பஜ்ஜி வாழைக்காயா, மிளகாயா?"

சோற்றில் கை அப்படியே நின்றது. "ஏட்டி, அந்தக் குழாய அரசாங்கம் எதுக்குக் குடுத்துச்சு, நீங்க எதுக்கு வச்சிருக்கீங்க?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

ரசச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "அங்கன நாள் பூரா நிக்கேன். இங்கன வந்தா படுக்கத்தான் இடம் இருக்கு. நடுவுல எங்கயாவது செத்த நேரம் சும்மா உக்காரணும்போல இருக்கு. ஓ.டி.ன்னு சொன்னா நீ கேள்வி கேக்க மாட்ட. அவ்வளவுதான்."

சண்டைக்கு எடுத்துவைத்திருந்த வார்த்தை எதுவும் இதற்குப் பொருந்தவில்லை. நான் மட்டும் எதற்காகத் தினமும் பொழுது சாயும் முன்பே அந்த அறையைப் பூட்டிக்கொண்டு மாடி ஏறினேன்? யாராவது கேட்டிருந்தால் பிள்ளைகளின் கல்விக்காக என்று கூசாமல் சொல்லியிருப்பேன். இதை அவரிடம் சொல்லவில்லை. "நாளைக்குப் பஜ்ஜியைச் சட்னி தொட்டுச் சாப்பிடுங்க, வெறும் பஜ்ஜியாத் திங்கறது மாடியிலருந்து பாக்கவே கஷ்டமா இருக்கு," என்று மட்டும் சொன்னேன்.

அடுத்த வாரம் டீக்கடையின் எங்கள் பக்கத்தில் ஒரு நீலத் தார்ப்பாய் தொங்கியது. சாரலுக்காகக் கட்டினோம் என்றார்கள். அன்று சாரலே இல்லை. அதோடு விடாமல் அப்பாக்கள் சிலர் ஃபோர்க்லிஃப்ட்காரரை முன்னே விட்டுக்கொண்டு மாடிக்கே வந்துவிட்டார்கள்.

"டீச்சர், தப்பா எடுத்துக்காதீங்க. பசங்க வானத்தப் பாக்கறதுக்கு கவர்மென்டு குடுத்த பொருளு இது. இத வச்சிகினு எங்களப் பாத்தா இன்னா அர்த்தம்? அதுவும் தலைகீழாக் காட்டற பொட்டி. தலைகீழாத் தெரியறவன் நான்தான்னு எப்டி சொல்ல முடியும்? அப்டிப் பாத்தா யாரு மேலயும் பழி போடலாமே."

கூட வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். என் கணவர் கைப்பிடிச் சுவரோரம் நின்று தண்ணீர்த் தொட்டியைப் பரிசோதித்துக்கொண்டிருந்தார்.

அவர் மகள் நேரே தொலைநோக்கியிடம் போனாள். குழாயைத் திருப்பி, தெருக்கோடியில் இருந்த அவர்கள் வீட்டு வாசலுக்கு நேராக வைத்தாள். "நீயே பாரு நைனா."

அவர் குனிந்து பார்த்தார். "உங்க அம்மா."

"தலைகீழாத்தானே தெரியுது? அம்மாதான்னு எப்டிக் கண்டுபுடிச்ச?"

"இடுப்புல கை வச்சுகினு நிக்கிறாளே, பாத்தா தெரியாதா!"

அவர் பக்கத்து ஆட்களே முதலில் சிரித்தார்கள். கடைசியில் அவரும் சிரித்துவிட்டார். ஆனால் மகள் அதோடு விடவில்லை. குழாய் ஏன் தலைகீழாகக் காட்டுகிறது என்று என்னைத் துளைத்தெடுத்தாள். எனக்குத் தெரியாது என்றேன். விளக்கத்தாளை எழுத்துக்கூட்டி வாசித்தாள். பள்ளியில் அறிவியல் ஆசிரியரை இடைவேளைதோறும் பிடித்தாள். ஒரு பூதக்கண்ணாடியை வாங்கி வந்து, என் அறை ஜன்னலின் உருவத்தைச் சுவரில் தலைகீழாக விழவைத்து எனக்குக் காட்டினாள். அப்பா திரும்பவும் அந்த வாதத்தை எடுத்தால் அவர் வாயை அடைப்பதற்குத்தான் அத்தனை பாடும்.

கார்த்திகையில் மேடம் வந்தார். நிதி பயன்பட்டதற்குப் போட்டோ வேண்டும், பிள்ளைகள் நிலாவைப் பார்ப்பது போல இருக்க வேண்டும். நிலா மேகத்துக்குள் இருந்தது. காத்திருந்தோம். காத்திருக்கும் நேரத்தில் மேடம் ஒரு சின்னப் பயலைக் கூப்பிட்டு, "இதுல இதுவரைக்கும் என்னவெல்லாம் பாத்தீங்க?" என்றார்.

"டீக்கடை!"

நான் அவசரமாக விளக்கத்தாளைத் தேடினேன். மேடம் என் பக்கம் திரும்புவதற்குள் ஆறாம் வகுப்புப் பெண் முன்னால் வந்துவிட்டாள். "உருவம் தலைகீழா விழும் மேடம், அதுக்காகப் பாத்தோம். முன்னாடி கீற லென்சு வெளிச்சத்த மடக்கித் தலைகீழாப் படம் போடும். கண்ணுகிட்ட கீறது அதப் பெருசாக் காட்டும், ஆனா திருப்பாது. நிலாவுல பாத்தா இது தெரியாது. அதுக்குத் தலை எது கால் எதுன்னு யாருக்குத் தெரியும்? டீக்கடைல பாத்தாதான் தெரியும்."

மேடம் அவளையே பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். கிட்டத்தட்ட என் வயதுக்காரர் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குள் மேகம் விலகிப் பாதி நிலா தெரிந்தது. பிள்ளைகள் பார்த்தார்கள், மேடம் பார்த்தார், போட்டோவும் ஆயிற்று. தார்ப்பாய்க்குப் பின்னாலிருந்து அப்பாக்களும் ஒவ்வொருவராக வந்து மாடியேறினார்கள். ஃபோர்க்லிஃப்ட்காரர் நெடுநேரம் கண்ணை எடுக்கவில்லை.

"இன்னாய்யா தெரியுது?" என்றார் அக்கா.

"ஒரு ஈ காக்கா இல்லக்கா. ஞாயித்துக்கிழம கம்பெனி மாதிரி கீது."

என் கணவர் தன் முறை வந்ததும் பார்த்தார். நிமிர்ந்து என் பக்கம் வந்தார். எனக்கு மட்டும் கேட்கும்படி, "உக்காரதுக்கு நல்ல இடம்," என்றார்.

அடுத்த வருஷம் அந்தச் சிறப்பு நிதி வரவில்லை. கேட்டால் திட்டம் மறுபரிசீலனையில் இருக்கிறது என்றார்கள். வந்த பொருளைத் திரும்பக் கேட்காததே போதும் என்று நாங்களும் வாயை மூடிக்கொண்டோம்.

ஆனால் அந்தக் கார்த்திகையிலேயே இன்னொன்று நடந்தது. ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அக்கா முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "இத்தினி நாளா இங்கேர்ந்தே பாத்துகினு இருந்தோம். அந்த டீல அப்டி இன்னாதான் கீதுன்னு போய்ப் பாத்துரலாம் வா," என்றார். ஃபோர்க்லிஃப்ட்காரரின் மனைவி உடனே செருப்பைத் தேடினார். வேலியோரமாக நாங்கள் வரிசையாக நடந்து போனோம். ரோட்டைக் கடக்கும்போது எனக்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. அந்தக் கடையில் பெண்கள் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

எங்களைப் பார்த்ததும் மாஸ்டர் நீலத் தார்ப்பாயைச் சுருட்டிக் கட்டினார். துடைத்த பெஞ்சையே மறுபடியும் துடைத்தார். என் கணவர் நகர்ந்து இடம் விட்டார். நான் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டேன். எதிரே பார்க்க ஒன்றுமே இல்லை, லாரிகள் மட்டும் போய்க்கொண்டிருந்தன. ஆனாலும் எழுந்திருக்க மனம் வரவில்லை.

அக்கா ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். "இன்னாய்யா மாஸ்டர், சக்கரைத் தண்ணி மாதிரி கீது. இதுக்கா இவனுங்க பொய் சொல்லிகினு வரானுங்க?"

"அடுத்த டீ ஸ்ட்ராங்கா போட்டுர்றேன்க்கா," என்றார் மாஸ்டர்.

"போடு. எல்லாருக்கும் போடு," என்று அக்கா இன்னும் சௌகரியமாகச் சாய்ந்துகொண்டார்.