அந்தப் படத்தில் இருப்பது பியர்தான்

மஹ்ரூப் ஹாஜியார் போய்விட்டார் என்ற செய்தி எனக்குக் கிடைத்தபோது, கொட்டாஞ்சேனையில் என் பட்டறையின் கதவை அப்போதுதான் திறந்திருந்தேன். அவருடைய கடையில் வேலை செய்பவர் போனில் அழுதுகொண்டே சொன்னார்: “ஐயா, ஹாஜியார் மவுத்தாகிட்டார். ராத்திரி படுத்தவர் சுபஹுக்கு எழும்பல்ல. அஸர் தொழுகைக்குப் பிறகு தெஹிவளையில அடக்கம்.” திறந்த கதவைத் திரும்பப் பூட்டிவிட்டு ஓட்டோவில் ஏறினேன். காலி வீதி முழுவதும் நெரிசல். முந்தின வாரம் அதே வீதியால் வெள்ளவத்தைக்குப் போய், அவரோடு ஒரு மணித்தியாலம் சண்டை பிடித்துவிட்டு வந்தவன் நான். கொத்தமல்லியை எவ்வளவு சூட்டில் அரைக்கலாம் என்பதுதான் சண்டை. அது முடியவில்லை. இனி முடியப்போவதும் இல்லை.

மையவாடியில் நான் ஓரமாகத்தான் நின்றேன். அவருடைய மகன் இம்தியாஸ் வந்து என் கையைப் பிடித்து, “அங்கிள், ஏன் இங்கால நிக்கிறீங்க? வாங்க, நீங்களும் மண் போடுங்க” என்று கூட்டிக்கொண்டு போனார். போட்டேன். சுற்றி நின்ற நூற்றுக்கணக்கானவர்களில் அன்றைக்கு அவரைப்பற்றி நல்ல சொல்லைத் தவிர வேறு சொல் பேசியவர் இல்லை.

மறுநாள் காலையில் எல்லாம் மாறிவிட்டது.

மெல்பேர்னில் இருக்கும் என் மருமகன், செய்தி கேட்ட துக்கத்தில், தன்னிடம் இருந்த ஹாஜியாரின் படம் ஒன்றைப் பேஸ்புக்கில் போட்டு, ‘உங்களை மறக்கமாட்டோம், மஹ்ரூப் அங்கிள்’ என்று எழுதியிருந்தார். அது வாட்ஸ்அப் வழியே கொழும்பு முழுவதும் சுற்றியது. உங்களில் பலர் அதைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைத் தொப்பியோடு ஹாஜியார் ஒரு மேசையில் இருக்கிறார். முன்னால் நீளமான மரப் பலகை. அதில் நாலு சின்னக் கிளாஸ்கள். ஐந்தாவது கிளாஸ் அவர் கையில், முகத்துக்குக் கிட்ட. கண் மூடியிருக்கிறது. பின்சுவரில் பியர் பீப்பாய்களின் படம். படத்தின் ஓரத்தில் ஒருவருடைய முழங்கை மட்டும் தெரிகிறது.

‘ஹஜ் செய்த மனுசன்!’ என்று ஒருவர் எழுதினார். ‘அடிக்கடி வெளிநாட்டுக்குப் போனது இதுக்குத்தானா?’ என்று இன்னொருவர். அவரிடம் கடனுக்குச் சரக்கு வாங்கியே தலைநிமிர்ந்த ஒருவர் சிரிக்கும் பொம்மை ஒன்றை அனுப்பியிருந்தார். என்னிடமும் போனில் கேட்டார்கள். போனில் கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லவில்லை. எல்லோருக்குமாக இங்கே சொல்கிறேன்.

படத்தில் இருப்பது பியர்தான். ஐந்து கிளாஸும் பியர். ஐந்தும் என்னுடையவை. அந்த முழங்கையும் என்னுடையது. ஹாஜியார் ஒரு துளியும் குடித்ததில்லை. அன்றும் இல்லை, என்றும் இல்லை. இதைச் சொல்ல என்னைவிடத் தகுதியானவர் யாரும் இல்லை. அந்த மேசைகள் எல்லாவற்றிலும் அவருக்குப் பக்கத்தில் இருந்தவன் நான் ஒருவன்தான்.

ஹாஜியாருக்குப் புறக்கோட்டையில் வாசனைச் சரக்குக் கடை. கறுவா, ஏலம், கராம்பு, சாதிக்காய் எல்லாவற்றையும் மூக்காலேயே தரம் பிரிப்பார். நான் அரைக்கும் மெஷின்களைச் செய்கிறவன், திருத்துகிறவன். பள்ளிக்கூடத்தை இடையில் விட்டவன். மெஷினோடு வந்த ஆங்கிலப் புத்தகங்களை அகராதி வைத்து வாசித்தே தொழிலைக் கற்றேன். அவர் கடையில் முதல் மெஷினைப் பூட்டிய அன்றே, “உங்கட மெஷின் கொத்தமல்லிய கருக்குது” என்றார். “உங்கட மூக்கில்தான் பிழை” என்றேன். அங்கே தொடங்கியதுதான் எங்கள் சிநேகம். அன்றிலிருந்து என்னை ‘இஞ்சினியர்’ என்றுதான் கூப்பிட்டார். கேலியாகத் தொடங்கினாரோ தெரியாது. யாரிடம் அறிமுகப்படுத்தும்போதும் அதே சொல்லைத்தான் சொன்னார்.

எல்லோரும் அப்படி நடத்தவில்லை. வியாபாரிகள் குழு ஒன்றோடு ஜேர்மனிக்கு ஒரு கண்காட்சிக்குப் போனோம். பெயர்ப்பட்டியலில் எனக்கு நேரே ‘உதவியாளர்’ என்று போட்டிருந்தார்கள். அங்கே நடந்த பெரிய விருந்துக்கு உதவியாளர்களுக்கு அழைப்பு இல்லை. கோட்டுப் போட்டு, சப்பாத்து மினுக்கி, ஹோட்டல் வாசலில் நின்ற என்னிடம் ஒரு இளைஞர் வந்து, “சொரி அங்கிள், உங்கட பேர் லிஸ்ட்ல இல்ல” என்றார். அதை நான் மறக்கவில்லை. மன்னிக்கவும் இல்லை. அந்தக் குழுவில் இருந்தவர்கள் இதை வாசித்தால் நன்றாக வாசிக்கட்டும்.

விருந்துக்குப் போகும் பஸ்ஸில் ஏறி இருந்துவிட்ட ஹாஜியார் இறங்கி வந்தார்.

“ஏன் இறங்கினியள்? போங்கோ” என்றேன்.

“நம்மட இஞ்சினியருக்கு இல்லாத சாப்பாடு எனக்கு என்னத்துக்கு? வாங்க, நடப்பம்.”

நடந்தோம். நான் குடிகாரன் அல்ல. கொழும்பில் என் வீட்டில் ஒரு போத்தலும் கிடையாது. ஆனால் போகிற ஊரில் சின்ன அளவில் தாங்களே பியர் காய்ச்சி விற்கும் இடம் இருந்தால், அதைப் பார்க்காமல் திரும்பமாட்டேன். அந்த அண்டாக்களையும் குழாய்களையும் எனக்குப் பார்க்கவேண்டும். அத்தகைய இடங்களில் ஒரு பலகையில் நாலைந்து சின்னக் கிளாஸ் வைத்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு வகை ஊற்றித் தருவார்கள். வெளிறியதில் தொடங்கிக் கறுப்பில் முடியும். ஒவ்வொன்றும் இரண்டு மிடறுதான். அப்படி ஓர் இடம் வழியில் தெரிந்தது. நான் வாசலில் தயங்கினேன்.

“உங்களுக்குக் குடிக்கோணும் எண்டா குடிங்க. எனக்குத் தண்ணி வாங்கித் தாங்க” என்று அவர்தான் முதலில் உள்ளே போனார்.

அவருக்கு வந்த தண்ணீரில் குமிழி பறந்தது. கிளாஸை அப்படியே தள்ளி வைத்துவிட்டார். “இஞ்சினியர், தண்ணியிலயும் நொரை ஈக்கி! இந்த ஊர்ல எதையும் நம்பேலாது.” அது வெறும் சோடாத் தண்ணீர் என்று பரிமாறிய பெண் போத்தலைக் காட்டி விளக்கியும் அவர் நம்பவில்லை. கடைசியில் குழாய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

என் முன்னால் பலகை வந்தது. இரண்டாவது கிளாஸை நான் எடுக்கும்போது ஹாஜியாரின் மூக்கு அசைந்தது. “அத இங்கால தாங்க, மணத்திப் பாக்க” என்றார். கொடுத்தேன். மூக்குவரை கொண்டுபோனார். “கராம்பு போட்டீக்கி” என்றார்.

கராம்பு போட்டிருக்கிறதா என்று பரிமாறிய பெண்ணிடம் கேட்டோம். இல்லை, கோதுமையும் பார்லியும்தான் என்றாள். ஹாஜியார் விடவில்லை. காய்ச்சுகிறவரையே கூப்பிட வைத்தார். இடுப்பில் தோல் ஏப்ரன் கட்டிய பெரிய மீசைக்காரர் வந்தார். அது பியரைப் புளிக்கவைக்கும் ஈஸ்டிலிருந்து வரும் வாசம், கராம்பு ஒன்றுகூட உள்ளே இல்லை என்று சத்தியம் செய்தார். ஹாஜியார் சட்டைப் பையிலிருந்து மாதிரிப் பொட்டலத்தைப் பிரித்து நாலு கராம்பை மேசையில் வைத்தார். மீசைக்காரர் ஒன்றைக் கசக்கி மணந்துவிட்டு, ஓம், இரண்டும் ஒன்றுதான் என்று தலையாட்டினார். ஹாஜியார் என்னிடம் திரும்பி, “கேளுங்க, இவருக்கு மாசம் எத்தின கிலோ வேணும் எண்டு. விலை கொறச்சித் தாறேன்” என்றார்.

ஊருக்கு வந்தபின் நான் தேடி வாசித்தேன். மீசைக்காரர் சொன்னதுதான் சரி. ஹாஜியார் பிழை. கடைக்குப் போய் அதைச் சொன்னேன். அவர் ஏலக்காய் மூட்டைமேல் இருந்தபடி கேட்டார்: “புத்தகத்துக்கு மூக்கு ஈக்கா, இஞ்சினியர்?” கடைசிவரை அவர் அதை ஒத்துக்கொள்ளவில்லை. நானும் என் நிலையிலிருந்து இறங்கவில்லை.

அதற்குப்பிறகு எந்தப் பயணத்திலும் ஒரு பின்னேரத்தை எனக்காக ஒதுக்கிவைப்பார். நான் குடிக்குமுன் ஒவ்வொரு கிளாஸும் அவர் மூக்கைக் கடந்துதான் எனக்கு வரும். பெங்களூரில் எங்களுக்கு ஏலம் விற்கிற ஒருவர் கூட வந்திருந்தார். நல்ல மனிதர், ஆனால் நச்சரிப்பு. “ஒரு வாய் வையுங்க பாய். கொழும்புல யாருக்குத் தெரியப்போகுது?” என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஹாஜியார் சிரித்தார். “கொழும்புல ஈக்கிற நாக்கத்தான் நான் இங்கயும் கொண்டு வந்தீக்கேன்.”

அதன்பின் அந்த மனிதர் கேட்கவில்லை. நான் இதைக் கண்ணால் கண்டவன், காதால் கேட்டவன்.

அந்த மேசையில் போய் இருந்ததே பிழை என்பவர்கள் இருப்பார்கள். அது உங்கள் மார்க்கத்தின் விடயம். நான் அதில் நியாயம் சொல்லும் ஆள் அல்ல. ஆனால் எனக்கும் அந்த எண்ணம் வந்து, ஒருநாள் அவரிடமே கேட்டேன்: “நான் உங்களைப் பிழையான இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போறனோ?”

“நீங்க கூட்டிப் போறல்ல, நான்தான் வாறன்” என்றார். “அதுக்குக் கேள்வி வந்தா நான் பதில் செல்லுவன். அல்லாஹ்கிட்ட உங்கட பேரச் செல்லித் தப்பமாட்டன், பயப்படாதீங்க.” பிறகு, “அந்தக் கறுப்புக் கிளாஸ இன்னும் எனக்குத் தரல்லயே” என்றார்.

மெல்பேர்னிலும் அப்படித்தான். நான் மகளிடம் போயிருந்தேன். ஹாஜியார் தன்னிடம் சரக்கு வாங்குகிற ஒருவரைப் பார்க்க வந்திருந்தார். மருமகன் எங்களைப் பியர் காய்ச்சும் ஓர் இடத்துக்கு அழைத்துப்போனார். ஐந்தாவது கிளாஸ் கறுப்பு. அதைத்தான் படத்தில் அவர் கையில் பார்க்கிறீர்கள். கண்ணை மூடி வெகுநேரம் மணந்தார். மருமகன் படம் எடுத்தது அவருக்குத் தெரியாது. கண்ணைத் திறந்து, “கொத்தமல்லியக் கூடுதலா வறுத்துட்டா வாற வாசம்” என்றார். கிளாஸை என்னிடம் நீட்டியபடி, “உங்கட மெஷின்ல அரைச்சாலும் இதுதான் வரும்” என்றும் சேர்த்துக்கொண்டார். மருமகன் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

படம் பரவிய மூன்றாம் நாள் இம்தியாஸ் என்னை வீட்டுக்குக் கூப்பிட்டார். வெள்ளவத்தையில் கடல் பக்கத்து ஒழுங்கையில் இருக்கும் அந்த வீட்டில் நான் சாப்பிடாத பெருநாள் இல்லை. ஹாஜியாரின் மனைவி இத்தா இருக்கிறார். கணவனை இழந்த பெண் அந்தக் காலம் முடியும்வரை அந்நிய ஆண்களைப் பார்ப்பதில்லை. உள்ளறைக் கதவு கொஞ்சம் திறந்திருந்தது. அவர் அங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும்.

இம்தியாஸின் முகம் வாடிப்போயிருந்தது. பள்ளிவாசலில் தன்னோடு கதைக்க ஆட்கள் தயங்குகிறார்கள் என்றார். “அங்கிள், நீங்க ஒரு சின்ன விஷயம் எழுதித் தாங்க. அது ஆப்பிள் ஜூஸ் எண்டு. நீங்க எழுதினா நம்புவாங்க. குரூப்ல போட்டுட்டு முடிச்சிடுவம்.”

“அது பியர்” என்றேன்.

“தெரியும் அங்கிள். வாப்பாட பேருக்காகக் கேக்கிறேன்.”

“உங்கட வாப்பாட பேருக்காகத்தான் நானும் சொல்லுறன். ஜூஸ் எண்டு எழுதினால், அது பியர் எண்டு ஒருத்தன் கண்டுபிடிப்பான். பின்னால சுவரிலயே பீப்பாய் இருக்கு. பிறகு அவர் குடிச்சார் எண்டதுக்கு நானே சாட்சி எழுதிக் குடுத்த மாதிரி. பியருக்கு முன்னால இருந்து குடிக்காத மனுசன் அவர். அதை ஜூஸுக்கு முன்னால இருந்த மனுசன் ஆக்கச் சொல்லுறீங்களா?”

இம்தியாஸுக்குக் கோபம் வந்தது. “நீங்க அந்த இடங்களுக்குப் போகாட்டி வாப்பா போயிருப்பாரா? இப்ப உம்மா நாலு பேருக்கு முகம் குடுக்கேலாம ஈக்கிறாங்க. உங்களுக்கு என்ன, நீங்க கொட்டாஞ்சேனைக்குப் போயிடுவீங்க.”

நான் எழும்பவில்லை. அந்த வீட்டில் கோபித்து எழும்புவது ஹாஜியாரோடு பிடிக்கும் சண்டையில் மட்டுமே எனக்கு இருந்த உரிமை.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. “இம்தியாஸ், அந்தப் போன இங்க தாங்க.”

இம்தியாஸ் போனைக் கதவிடுக்கால் கொடுத்தார். அதில் படம் திறந்திருந்தது.

“மகன், ஜூஸ யாரு இப்படிக் கண்ண மூடி மணத்துவா?”

அவரே தொடர்ந்தார்.

“குடிக்கிற மனுசன் கிளாஸ வாய்க்குக் கொண்டு போவான். இவர் மூக்குக்குக் கொண்டு போயீக்கார். நான் ஆக்கின புரியாணிய நாப்பது வருஷமா இப்படித்தானே மணத்தினார். மொதல்ல மூக்கு, பிறகு கொறை செல்லுவார்.” பிறகு என்னிடம் கேட்டார்: “ஐயா, நீங்க பக்கத்துல இருந்தீங்க. ஒரு சொட்டாவது அவர்ட வாயில பட்டீக்கா? எனக்காகப் பொய் செல்ல வேணாம்.”

“ஒரு சொட்டும் படேல்லை. ஒருநாளும் இல்லை.”

“இது போதும்” என்றார். “ஜூஸும் வேணாம் ஒண்டும் வேணாம். நடந்தத எழுதுங்க. பியர் எண்டே எழுதுங்க. உங்கட பேரையும் போடுங்க.”

இம்தியாஸ் வாசல்வரை வந்தார். மன்னிப்புக் கேட்கவில்லை, நான் எதிர்பார்க்கவும் இல்லை. ஓட்டோவை மறித்து, காலி வீதியால் போகாமல் கடற்கரை வீதியால் போகும்படி சாரதிக்குச் சிங்களத்தில் சொல்லி, நான் ஏறும்வரை ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். தகப்பனும் அப்படித்தான் நிற்பார்.

ஆகவே எழுதிவிட்டேன். சந்தேகம் உள்ளவர்கள் கொட்டாஞ்சேனைக்கு வரலாம். பட்டறை பகலெல்லாம் திறந்திருக்கும். போனில் முணுமுணுக்காமல் நேரில் கேளுங்கள்.

ஹாஜியாரிடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொள்வது ஒன்று. நான் குடிக்கிறேன் என்பதற்காக என்னைவிட்டு அவர் எழும்பிப் போகவில்லை. நான் பக்கத்தில் இருக்கிறேன் என்பதற்காக அவர் குடிக்கவும் இல்லை. அப்படி இரண்டு பேர் ஒரே மேசையில் வருடக்கணக்காக இருக்கலாம் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் இருந்தோம். அடுத்த மாதம் நான் மகளிடம் போகிறேன். அந்த இடத்துக்குப் போவேன், அந்தப் பலகையைக் கேட்பேன். பக்கத்து நாற்காலியை யாராவது எடுக்க வந்தால், ஆள் இருக்கிறது என்று சொல்வேன்.