பட்டாளம் விட்டுப்போன ஈயம்

இதை எழுதலாமா என்று பல வருஷம் தயங்கினேன். சோறு போட்ட நாட்டைக் குறை சொன்னதாக ஆகிவிடுமோ என்ற பயம். குறை அந்த நாட்டின் மேல் இல்லை, அதனால் எழுதுகிறேன்.

எழுபதுகளில் சார்ஜாவுக்கு வடக்கே ஓர் அரபியின் படகில் நானும் என் மனைவியின் தம்பியும் மீன் பிடித்தோம். குமரிக் கடற்கரைக்காரர்கள் நாங்கள். எங்கள் ரூமுக்கு அப்பால், வெள்ளைக்காரப் பட்டாளம் சுட்டுப் பழகிய மணல்வெளி. சண்டையை அடக்க என்று வந்த பட்டாளம் ஒருநாள் கப்பலேறிப் போய்விட்டது. வேலி இல்லை, எச்சரிக்கைப் பலகை இல்லை, வெடிக்காமல் கிடந்ததை எடுக்க ஆளும் இல்லை.

வலை கடலில் தாழ்ந்து நிற்க அதன் அடியில் ஈயக்கட்டி கோப்போம். புது வலைக்கு அந்த ஈயத்தை உருக்கும்போது, மூத்தவர் செபம் சொல்லாமல் அடுப்பு மூட்டுவது எங்களுக்கு வழக்கமில்லை. அன்று நான் படகைக் கட்டிவிட்டு வந்தபோது, மைத்துனன் ஸ்டவ்வும் சட்டியுமாக வாசலில் காத்திருந்தான்.

"அத்தான், சீக்கிரம் செபத்தைச் சொல்லும். ஈயம் கடையில வாங்காண்டாம். கடவுளே மணல்ல போட்டு வச்சிருக்காரு."

சட்டியை மூடியிருந்த துண்டை விலக்கினான். வாலில் இறக்கை வைத்த, துருப்பிடித்த குண்டு. உள்ளே ஈயம் இருக்கும் என்று எண்ணிவிட்டான்.

"லேய், இது வெடிகுண்டுலே!"

"பட்டாளமே போயாச்சு. இது மட்டும் உசிரோட இருக்குமாக்கும்?"

தீப்பெட்டியைப் பிடுங்கினேன். செபம் சொன்னேன், ஈயத்துக்காக அல்ல.

போலீசுக்கு ஓடினோம். "இது இங்கிலீஸ்காரன் சாமான். இதுக்கு எங்ககிட்ட ஆளு மாஃபி, இல்ல" என்றார்கள். பட்டாளம் போன பிறகும் அங்கே இருந்த வெள்ளைக்கார அரசின் ஆபீசுக்குப் போனோம். அங்கிருந்த மலையாளி கிளார்க் உள்ளே கேட்டுவிட்டு வந்து, "நாடு இப்போ அரபிங்களோடதாம். அவங்கதான் பாக்கணுமாம்" என்றார்.

வேறு வழியில்லை. ஈரமணல் நிரப்பிய மீன்பெட்டியில் அதை வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்த இடத்திலேயே கொண்டுபோய் வைத்தோம். சுற்றிலும் கல் அடுக்கி, துடுப்பை நட்டுச் சிவப்புத் துணி கட்டினோம். யாராவது வருவார்கள் என்று பார்த்திருந்தோம். யாரும் வரவில்லை.

சில மாதம் கழித்து, மத்தியானம் அந்தப் பக்கம் பெரிய சத்தம். மைத்துனன் என் பக்கத்தில் வலை முடைந்துகொண்டிருந்தான்.

"அத்தான், நம்ம குண்டா?"

ஓடிப் பார்த்தோம். எங்கள் துணி அப்படியே பறந்துகொண்டிருந்தது. வெடித்தது வேறொன்று. ஆடு மேய்க்கும் பலுசிஸ்தான்காரர் ஒருவரின் வலது கை போய்விட்டது. அங்கே இன்னும் எத்தனை கிடந்தனவோ, கர்த்தருக்குத்தான் தெரியும்.

படிக்கிறவர்கள் இதை வேறு யாரிடமாவது சொன்னால், உள்ளபடியே சொல்லுங்கள். எங்களை வீரர்களாக்க வேண்டாம். கை போன பிறகும் அவர் அதே மணலில்தான் ஆடு மேய்த்தார், அதை மட்டும் விட்டுவிடாதீர்கள்.