வயிறு நிறைந்த குட்டிகள்

விடியற்காலையில் பலகையைப் பிறாண்டுகிற சத்தம் எனக்கு இன்றைக்கும் கேட்கிறது. இப்போது நான் குடியிருப்பது மூன்றாம் மாடி. இங்கே மரப்பெட்டியும் கிடையாது, பிறாண்ட முயலும் கிடையாது. காது டாக்டரிடம் போனேன். "வயசாயிட்டுதுல்லாம்மா" என்றார். அதைச் சொல்லவா அவ்வளவு படித்தார் என்று எழுந்து வந்துவிட்டேன். அது என்ன சத்தம் என்று எனக்குத் தெரியும்.

எழுபதுகளின் நடுவில், தூத்துக்குடிப் புதுத் துறைமுகத்துக்குக் கப்பல்கள் வரத் தொடங்கியிருந்த சமயம். என் கணவருக்கு அங்கே ஆபீஸில் கிளார்க் வேலை. நான் ஒரு பெண்கள் பள்ளியில் டீச்சர். உப்புக் காற்று வீசும் தெருவில் வாடகை வீடு. எந்தக் கதவுக் கீலும் இரண்டு வருஷத்துக்கு மேல் தாங்காது. எங்களுக்கு இரண்டரை வயதில் ஒரு மகள் இருந்தாள். எங்களோடு இல்லை.

அவள் பிறந்த பதினைந்தாம் நாள் எனக்கு டைபாய்டு வந்து பால் வற்றிவிட்டது. என் அக்கா சாத்தான்குளத்தில் இருந்தாள், பிள்ளை இல்லாதவள். வந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள். "நீ எந்திரிச்சு நடளா, அடுத்த பஸ்ஸுல கொண்டாந்து தாரேன்" என்றாள். எழுந்து நடந்தேன். அதற்குள் வேலை நிரந்தரமாகிற நேரம், லீவு போட முடியாது. பிறகு குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம், தண்ணீர் மாறக்கூடாது. பிறகு தட்டம்மை. ஒவ்வொரு தடவையும் காரணம் நியாயமாகத்தான் இருந்தது. நான் சனிக்கிழமைதோறும் ஒரு பொட்டலம் முந்திரி மக்ரூன் வாங்கிக்கொண்டு ஆத்தூர் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறுவேன். ஞாயிறு ஆராதனை முடிந்து, சாப்பிட்டுத் திரும்புவேன். மகள் அக்காவை அம்மா என்றாள். என்னை மக்ரூன் சித்தி என்றாள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். ஆத்தூர்ப் பாலம் தாண்டி, வெற்றிலைக் கட்டுகளோடு பெண்கள் ஏறுகிற வரைக்கும் பஸ்ஸில் அழுதுகொண்டே வருவேன். அவர்கள் ஏறியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து இடம் கொடுப்பேன்.

போதும் என்று ஒருநாள் முடிவு செய்தோம். அடுத்த தெருவில் ஒரு அம்மா, பள்ளி நேரத்தில் குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சம்மதித்தார். மாதக் கடைசிச் சனிக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று அக்காவிடம் சொல்லியாயிற்று. அக்கா, "உன் பிள்ள, நீ கூட்டிட்டுப் போற" என்றாள்.

அந்த மாதம்தான் என் கணவரின் ஆபீஸில் ஒரு இன்ஜினியருக்கு மாற்றல் வந்தது. அவர் தன் வீட்டு வெள்ளை முயலை எங்களிடம் கொடுத்துவிட்டுப் போனார். பெட்டை, ஒற்றை, ஒரு தொந்தரவும் கிடையாது என்றார். மகள் வந்தால் புது வீட்டில் அழாமலிருக்க ஆகும் என்று வாங்கிக்கொண்டோம். கப்பலில் சாமான் வந்த மரப்பெட்டிக்குக் கம்பிவலை அடித்து என் கணவர் கூண்டு செய்தார். அந்தச் சனிக்கிழமை மகளிடம், "எங்க வீட்டுல முசலு இருக்கு, பாக்க வாரியா?" என்று கேட்டேன். அக்காவின் சேலைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு ஒற்றைக் கண்ணால் என்னைப் பார்த்தாள்.

இரண்டு வாரத்தில் முயல் தன் நெஞ்சு மயிரைப் பிய்க்க ஆரம்பித்தது. சொறி என்று நினைத்து வேப்பெண்ணெய் தடவினேன். ஐந்தாம் வகுப்புக்குப் பாலூட்டிகள் பாடம் நடத்துகிறவள் நான். திங்கட்கிழமை காலையில் பார்த்தால் பெட்டியின் ஒரு மூலையில் மயிர்க் குவியல் தானாக அசைந்தது. விலக்கினேன். ஆறு குட்டிகள். வரும்போதே சினையாக இருந்திருக்கிறது, மயிரைப் பிய்த்தது குட்டிகளுக்குப் படுக்கை போட. விரல் நீளம், ரோஸ் நிறம், மயிரில்லை, கண் திறக்கவில்லை, காது தலையோடு ஒட்டியிருந்தது.

"இன்ஜினியர் ஒண்ணு குடுத்தாரு, ஏழாயிட்டு. நம்ம சம்பளம் இப்பிடிப் பெருகினா எப்பிடி இருக்கும்" என்றார் என் கணவர். அவருக்கு ஒரே சந்தோஷம். மகள் வரும்போது ஆறு குட்டி இருக்கும் என்று எனக்கும் சந்தோஷம்தான். அது அன்று மத்தியானம் வரைக்கும் இருந்தது.

தாய் குட்டிகளிடம் போகவே இல்லை. பெட்டியின் மறுமூலையில், குட்டிகளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு கீரைத்தண்டைக் கடித்தது. திங்கட்கிழமை முழுவதும் பள்ளிக்கும் வீட்டுக்குமாக ஓடி ஓடிப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமையும் அப்படியே. அன்று சாயங்காலம் என்னால் பொறுக்க முடியவில்லை. "பெத்துப் போட்டுட்டு, எவளோ வளப்பான்னு சொகமா உக்காந்திருக்கியா?" என்று அதைப் பார்த்துக் கத்தினேன். என் கணவர் கிணற்றடியில் முகம் கழுவிக்கொண்டிருந்தார். வாளி கீழே வைக்கிற சத்தம் கேட்டது. என் வாயிலிருந்து வந்தது என் காதிலேயே விழுந்து, நான் யாரைத் திட்டினேன் என்று தெரிந்துகொண்டு அப்படியே நின்றேன்.

குட்டிகளை எடுத்துப் பார்த்தேன். வயிறு மட்டும் உப்பி, தோல் இழுத்துக்கொண்டு, உள்ளே வெள்ளையாக ஏதோ தெரிந்தது. பட்டினியால் காற்று ஏறிவிட்டது, உப்புசம் என்று நானே முடிவு கட்டினேன். மயிரோடு அள்ளி ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்படிக்குக் கொண்டுவந்துவிட்டேன்.

"ஏளா, அது தாயி. அதுக்குத் தெரியாதா?" என்று என் கணவர் கேட்டார்.

"தாய்க்கெல்லாம் தெரியும்னு யார் சொன்னா?" என்றேன்.

மகளுக்குப் பால் புகட்ட வாங்கி ஒருநாளும் பயன்படாத வெள்ளிப் பாலாடை ஒன்று டிரங்குப் பெட்டியில் கிடந்தது. அதைத் தேய்த்து எடுத்தேன். ஆட்டுப்பாலைக் காய்ச்சித் தண்ணீர் கலந்து, அதன் மூக்கால் ஊட்டப் பார்த்தேன். வாய் சிறிது, முடியவில்லை. பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரை வெந்நீரில் கழுவி அதால் கொடுத்தேன். உப்புசத்துக்கு ஓமத்தண்ணீர் இரண்டு சொட்டு. ஆஸ்பத்திரியில் செய்வதுபோல் மூன்று மணிக்கு ஒரு தடவை என்று அட்டவணை எழுதிச் சுவரில் ஒட்டினேன். "முசலுக்கும் டைம்டேபிளா டீச்சரம்மா" என்று என் கணவர் சிரிக்கப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். புதன்கிழமை தலைமையாசிரியைக்கு வயிற்றுவலி என்று எழுதி மூன்று நாள் லீவு அனுப்பினேன். மகளுக்குத் தட்டம்மை கண்டபோது ஒருநாள்கூட லீவு போடாதவள் நான்.

சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்க மாட்டேன். உள்ளங்கையில் ஒவ்வொன்றாக வைத்து ஊட்டும்போது இரண்டரை வருஷமாக மார்பில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இறங்கியது.

அந்த நாட்களில்தான் அந்தச் சத்தத்தைக் கேட்டேன். பஞ்சு மில்லில் விடியற்காலை ஐந்து மணிச் சங்கு ஊதி முடிந்ததும் கூண்டுக்குள் பலகையைப் பிறாண்டும் சத்தம் வரும். குட்டிகள் கிடந்த மூலையில்தான். பிறகு பின்னங்காலால் பலகையில் ஓங்கி ஓர் அடி. மறுபடி பிறாண்டல். பசிக்கிறது போலிருக்கிறது என்று முட்டைகோஸ் இலை போட்டேன். அது தின்னவில்லை.

புதன்கிழமை சாயங்காலம் ஒன்று செத்தது. பால் மூக்கு வழியாக வந்திருந்தது. வியாழக்கிழமை இரண்டு. வெள்ளிக்கிழமை காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. சாகிற எந்தக் குட்டியும் சத்தம் போடவில்லை. கையில் இருக்கும்போதே எடை கூடினதுபோல் இருக்கும், குனிந்து பார்த்தால் போயிருக்கும். என் கணவர் ஒவ்வொன்றையும் முருங்கைமரத்தடியில் புதைத்துவிட்டு வந்து கை கழுவினார். "நாளைக்கு நீ சாத்தான்குளம் போணும்ளா. தூங்கு" என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் மிஞ்சின ஒன்றை எடுத்துக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் வரவில்லை. வயதான கம்பவுண்டர் இருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

"டீச்சர், நீங்க எடுக்கும்போது வயிறு எப்பிடி இருந்துச்சு? ஒட்டியா, உப்பியா?"

"உப்பி இருந்திச்சு அண்ணாச்சி. உள்ள வெள்ளையா தெரிஞ்சுது."

அவர் குட்டியை மெதுவாக மேசைமேல் வைத்தார். "அது பாலும்மா" என்றார். "முசலு பகல்ல குட்டிகிட்ட போவாது. விடியக்கருக்கல்ல ஒரு தடவ வந்து அஞ்சு நிமிசம் பால் குடுத்துட்டு விலகிரும். கூடவே இருந்தா நாயி நரி மோப்பம் பிடிச்சிரும்லா. அது தள்ளி இருக்கதே குட்டிக்காகத்தான். வயிறு நெறஞ்ச குட்டியல்லா தூக்கியிருக்கிய." பிறகு என் முகத்தைப் பார்த்து, "இதக் கொண்டுபோயி அங்கனயே வச்சிருங்க. மடியில பால் இருந்தா பொழச்சுக்கிடும்" என்றார்.

வீட்டுக்கு வந்து குட்டியை அதே மயிரோடு அதே மூலையில் வைத்தேன். தாய் திரும்பிப் பார்க்கவில்லை. கையைக் கழுவி, சேலை மாற்றி, மக்ரூன் வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன். என் கையில் ஓமவாடை போகவே இல்லை. நான்கு நாளாகக் கூண்டுக்குள் தேடின அந்தப் பிறாண்டல் காதை விட்டும் போகவில்லை. நான் வளர்ப்பதற்கு எடுத்தால் செத்துப்போகும் என்று ஒரே எண்ணம். அதைப் பைத்தியக்காரத்தனம் என்று சொல்ல அந்த பஸ்ஸில் எனக்கு யாரும் இல்லை.

அக்கா வீட்டுக் கூடத்தில் மகளின் தகரப்பெட்டி தயாராக இருந்தது. கவுன்கள் மடித்து, மேலே ஒரு தாளில் என்ன தின்பாள், எதற்கு அழுவாள் என்று அக்கா எழுதிவைத்திருந்தாள். மகள் பாயில் தூங்கிக்கொண்டிருந்தாள். புது கவுன் மேலே ஏறியிருந்தது. வயிறு உருண்டையாக, நிறைந்து, மூச்சுக்கு மூச்சு ஏறி இறங்கியது. வாயோரத்தில் ஒரு சோற்றுப் பருக்கை. பாதத்தில் செருப்பு வார் அழுந்தின தடம் இருந்தது. நான் அந்தத் தடத்தைத் தடவிக்கொண்டு வெகுநேரம் வயிற்றையே பார்த்தேன்.

"இங்கனயே இருக்கட்டும் அக்கா" என்றேன். "இன்னும் கொஞ்ச நாள்."

அக்கா ஏன் என்று கேட்கவில்லை. பெட்டியைத் திறந்து கவுன்களை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் அடுக்கினாள்.

மகள் விழித்தபோது நான் பஸ்ஸில் இருந்தேன். அந்த ஒரு வாரம்தான் நான் ஞாயிறு ஆராதனைக்கு நிற்காமல் திரும்பினேன்.

மறுநாள் விடியற்காலையில் ஜன்னலுக்குப் பின்னால் நின்றேன். சங்கு ஊதியது. தாய் முயல் எழுந்து மூலைக்குப் போய், குட்டியின் மேல் நின்றது. அசையவில்லை. ஐந்து நிமிஷம்கூட இருக்காது. விலகிப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டது. குட்டி பிழைத்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் கண் திறந்தது, பிறகு முற்றமெல்லாம் ஓடியது. அதைப் பார்க்கும்போதெல்லாம் நான் சரியாகத்தான் செய்தேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். தள்ளி இருப்பதே குட்டிக்காகத்தான் என்று கம்பவுண்டர் சொன்னதைப் பல வருஷம் அப்படிப் பிடித்துக்கொண்டிருந்தேன். சனிக்கிழமைகளில் மக்ரூன் கொண்டுபோனேன். கொஞ்ச நாள் என்று நான் சொன்னது முடியவே இல்லை. எங்களுக்கு வேறு பிள்ளை பிறக்கவும் இல்லை. மகளுக்கு விவரம் தெரிந்த வயதில் அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். சரி என்று கேட்டுக்கொண்டாளாம். ஆனாலும் அம்மா அம்மாதான், சித்தி சித்திதான்.

அக்கா போன வருஷம் படுக்கையில் விழுந்தபோது மகளின் குடும்பத்தோடுதான் இருந்தாள். பார்க்கப் போனேன். மகள் அடுப்படிக்குப் போனதும் அக்கா என் கையைப் பிடித்தாள்.

"ஏளா, ஒண்ணு சொல்லணும். நீ கூட்டிட்டுப் போக வந்தியே, அன்னைக்கு. அவ காலையில எந்திரிச்சதுல இருந்து புதுச் செருப்பப் போட்டுக்கிட்டு, கழட்டவே மாட்டேன்னுட்டா. 'முசலு பாக்கப் போறேன், மக்ரூன் சித்தி வாரா'ன்னு வாசல்லயே நின்னா. பஸ்ஸு வார நேரம் நெருங்கிட்டு. எனக்குத் தாங்கல. உள்ள தூக்கிட்டுப் போயி, ரெண்டு வேளைச் சோத்த ஒரே வேளையா ஊட்டி, தட்டித் தூங்க வச்சேன். தூங்கின பொறவு செருப்பக் கழட்டி ஒளிச்சு வச்சேன்."

நான் அவள் கையை விடவில்லை. திட்டவும் இல்லை. அவளைத் திட்ட எனக்கு என்ன யோக்கியதை. அந்த வயிறும் தடமும் இரண்டும் அன்று என் கண் முன்னால்தான் இருந்தன.

அடுப்படியிலிருந்து மகள் எட்டிப் பார்த்தாள்.

"சித்தி, நீங்க காப்பிக்குச் சீனி போடுவீங்களா, மாட்டீங்களா?" என்று கேட்டாள்.

போடு என்றேன்.